கிறிஸ்மஸ் துணிமணியும் மாசி மாதத்துக் கடனும்

(ஜூபிலி ஆண்டு மாதர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டிலே பேசுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் இருக்க, எனக்குக் கொடுக்கப்பட்டது ‘கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளுக்கு வாங்குவதில் சிக்கனம்’ என்பது. முதலில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான். விசுவாசம், செபம் என்று ஏதாவது கொடுத்திருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு வீட்டிலே பழைய கணக்கு நோட்டுகளைத் தேடி எடுத்துப் புரட்டினேன். 1984-ஆம் ஆண்டு நோட்டைத் திறந்ததும், இதைவிடப் பெரிய பொருள் எனக்குக் கிடைத்திருக்காது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி நம் மாநிலத்தில் தேர்தல். சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்த்தே வாக்குப்பதிவு. ஆசிரியர்களாகிய எங்களுக்கெல்லாம் தேர்தல் வேலை. கிறிஸ்மஸ் இரவுக்கு வீடு வந்து சேர்வோமோ என்பதே சந்தேகம். ஆகவே அதற்கு முந்திய சனிக்கிழமையே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மதுரைக்குத் துணி எடுக்கப் போய்விடுவது என்று முடிவு செய்தோம். சம்பளம் மளிகைக் கடைக்குப் போய்விட்டது. வாரத் தண்டலுக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் ஐந்நூறு ரூபாய் வாங்கினேன். கையிலே வந்தது 425 ரூபாய். பிடித்தம் 75. வாரம் ஐம்பது வீதம் பத்து வாரத்தில் கட்ட வேண்டும்.

என் மூத்த மகளுக்கு அப்போது எட்டு வயது. மதுரையில் ஒரு கடையிலே வெள்ளை லேஸ் வைத்த சிவப்புக் கவுன் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு, “வேண்டாம்ப்பா, போன வருஷத்து ஊதாக் கவுனே எனக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். என் பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று நினைத்தேன். பஸ்ஸிலே திரும்பி வருகையில் அவள் தாய்தான் மெதுவாகக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். தண்டல்காரர் வாசலிலே நின்று என்னிடம் பேசியதை எல்லாம் பிள்ளை பாய்க்குள் படுத்தபடியே கேட்டிருக்கிறாள். ‘அந்த மாமா சத்தம் போடுவாரு’ என்றுதான் கவுனை வேண்டாமென்றாளாம். அந்தக் கவுனை நான் வாங்கவும் இல்லை, அதை மறக்கவும் இல்லை. அவளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் வரப்போகிற வயது. கேட்டால் சிரிக்கிறாள்.

இனி அந்தக் கணக்கைப் பாருங்கள். 425 ரூபாய்க்கு 75 ரூபாய் கூடுதல் என்றால், நூறு ரூபாய்ச் சட்டை எனக்கு 117 ரூபாய் 65 பைசா விழுந்திருக்கிறது. கடைக்காரரிடம் அரைமணி நேரம் வாதாடி நூற்றுக்குப் பத்து ரூபாய் குறைத்ததற்காக நான் மார்தட்டிக்கொண்டேன். கடையிலே பத்தைக் குறைத்தவன் வீட்டு வாசலிலேயே பதினேழரையைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறேன்! தாய்மார்களே, நாம் சிக்கனம் என்றாலே கடையிலே பேரம் பேசுவது என்று நினைக்கிறோம். பணம் போகிற ஓட்டை கடையிலே இல்லை. எந்த மாதத்தில் வாங்குகிறோம், யாருடைய பணத்தில் வாங்குகிறோம் என்பதிலேதான் இருக்கிறது.

தொகை மாறினாலும் கணக்கு மாறவில்லை. இன்று பத்தாயிரத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுத்து, வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் வாங்கினால், அதுவும் அதே பதினேழரைதான். அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் டிசம்பரில் அவசரப்படுகிறவனுக்குச் சட்டம் ஞாபகம் வருவதில்லை.

இதிலே நம் ஊருக்கென்று இன்னொரு கஷ்டமும் உண்டு. இங்கே பல குடும்பங்கள் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போய் ஏலத்தோட்டத்தில் வேலை செய்து பிழைக்கின்றன. காய் பறிப்பு ஆவணி வாக்கில் தொடங்கித் தை மாதம்வரை போகும். அதுதான் கையிலே காசு புரளுகிற காலம். மாசி பங்குனியில் பறிப்பு ஓய்ந்துவிடும். டிசம்பர் நடுவில் வாங்கிய பத்து வாரக் கடன் எப்போது முடியும்? பிப்ரவரிக் கடைசியில்! அதாவது, சம்பாதிக்கிற காலத்திலே செலவழித்துவிட்டு, சம்பாத்தியம் இல்லாத காலத்திலே கடன் கட்டுகிறோம். இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் போதும். செப்டம்பர் முதல் வாரம் தொடங்கி வாரம் இருநூறு ரூபாய் எடுத்து வைத்தால், பதினைந்து வாரத்தில் மூவாயிரம் சேர்ந்துவிடும். வருஷம் முழுவதும் வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை. பறிப்புக் கூலி வருகிற பதினைந்து சனிக்கிழமை மட்டும் போதும்.

“எங்கே எடுத்து வைப்பது, சார்? வீட்டிலே வைத்தால் அவர் எடுத்துவிடுவார்” என்று ஒரு தாயார் போன வாரம் என்னிடம் கேட்டார். அந்த ‘அவர்’ வாசற்படியில் நிற்கிறார், நான் பெயர் சொல்லப் போவதில்லை. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது, அங்கே போடுகிற பணத்துக்கு 2020 முதல் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. 1989-இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. நான் பயப்படுவது பண்டிகைச் சீட்டைக் கண்டுதான். மாதாமாதம் கட்டினால் கிறிஸ்மஸுக்குப் பாத்திரம், பட்டாசு, இனிப்பு, ஒரு கிராம் தங்கம் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு முறை பதினோரு மாதம் கட்டினோம். பன்னிரண்டாவது மாதம் போய்ப் பார்த்தால் கடையிலே பூட்டு. அந்த வருஷம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பரிசு அந்தச் சீட்டு அட்டைதான், பின்பக்கத்தில் படம் வரைந்து விளையாடினார்கள்.

நம்மைப்போல் ஏமாந்தவர்கள் சீமையிலும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஃபேர்பேக் என்ற கம்பெனியில், கிறிஸ்மஸுக்கென்று வருஷம் முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டி வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டே மாதம் இருக்கையில், கம்பெனி விழுந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்தும் அவர்களுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது. ஆனால் இதே யோசனை ஒழுங்காகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் என்ற ஊரில், 1909-இல் ஒரு வங்கியே ‘கிறிஸ்மஸ் சேமிப்பு’ என்று தொடங்கி, வாரா வாரம் சில்லறை வாங்கிப் பண்டிகைக்கு முன் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. மற்ற வங்கிகளும் அதைப் பார்த்துப் பின்பற்றின. யோசனை ஒன்றுதான், பணம் யாரிடம் இருந்தது என்பதே வித்தியாசம். நம் நாட்டில் சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். “பதிவு எண் என்ன?” என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அந்தச் சீட்டு நமக்கு வேண்டாம்.

அடுத்து, துணி எடுப்பது எப்போது? டிசம்பர் இருபதாம் தேதிக்குமேல் கடைக்குப் போகிறவனுக்குக் கிடைப்பது கூட்டமும் மிச்சச் சரக்குந்தான். ஆடித் தள்ளுபடியில் எடுக்கலாம். தீபாவளி முடிந்த மறுவாரம் எடுக்கலாம். 1935-இல் தொடங்கிய நம் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி வழக்கமாக முப்பது சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கிறார்கள். அங்கே துணியாக எடுத்து நம் ஊர்த் தையற்காரரிடமே தைக்கக் கொடுத்தால் அவருக்கும் பிழைப்பு. அதையும் நவம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும். கிறிஸ்மஸ் இரவுப் பூசை மணி அடிக்கிற நேரத்தில் காஜா எடுக்காத சட்டையோடு நிற்கிற பையன்களை நான் வருஷந்தோறும் பார்க்கிறேன்.

தைப்பதிலே நம் பாட்டிமாருக்குத் தெரிந்த ஒரு வித்தையை நாம் கைவிட்டுவிட்டோம். பாவாடை தைக்கும்போது கீழே இரண்டு விரற்கடைக்கு டக் பிடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்திலே நிறம் மங்காமல் ஒரு கோடு தெரியும். என் தங்கையின் பாவாடையிலே அப்படி மூன்று கோடு இருந்தது, மூன்று கிறிஸ்மஸ் என்று எண்ணிக்கொள்ளலாம். பையன்களின் கால்சட்டையிலும் இடுப்புத் தையலில் துணி விட்டுத் தைப்பார்கள். இன்றைய ரெடிமேட் சட்டையை உள்ளே புரட்டிப் பாருங்கள், தையலுக்கு வெளியே அரை விரல் துணிகூட இருக்காது. வருஷம் ஒன்று வாங்கியே தீரவேண்டும். ஆகவே ரெடிமேட் எடுத்தால் ஒரு சைஸ் கூட்டி எடுங்கள். இன்னொன்று, நமக்குக் கிறிஸ்மஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றும் மூன்று வாரத்துக்குள் வந்துவிடுகின்றன. மூன்றுக்கும் மூன்று உடை என்பது எப்போது வந்த பழக்கம்? ஒன்றை நல்லதாக எடுத்து மூன்றுக்கும் உடுத்தினால் எந்தச் சம்மனசும் குறை சொல்லாது.

பயணச் செலவையும் கணக்கிலே சேருங்கள். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூனில் அகலப் பாதையில் மறுபடி ஓடத் தொடங்கியது. டிக்கெட் மலிவு என்று எல்லாரும் மகிழ்ந்தோம். டிக்கெட் மலிவு என்பதாலேயே வீட்டோடு கிளம்பி மதுரைக்குப் போகிறோம், ஓட்டலில் சாப்பிடுகிறோம், கண்ணில் பட்டதை வாங்குகிறோம். ரயிலிலே மிச்சமான பணம் பரோட்டாக் கடையிலே போய்விடுகிறது. சின்னமனூரிலும் போடியிலும் கிடைக்காத எந்தச் சட்டை மதுரையில் கிடைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ரயில் ஏறுவதே பரிசு என்றால் போய்வாருங்கள், அதையும் பரிசுக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.

விளையாட்டுச் சாமான் விஷயத்தில் மட்டும் மலிவைப் பார்க்க வேண்டாம் என்பேன். 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத மலிவுப் பொம்மையின் சாயத்தில் என்ன கலந்திருக்கிறதோ, குழந்தை அதை வாயிலேதான் வைக்கும். பாட்டரிக் கார் மூன்று ராஜாக்கள் திருநாள்வரை ஓடினால் அதிசயம். மரியா மொந்தெசோரி அம்மையாரை ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அறிவார்கள். உலக யுத்த காலத்தில் அவர் இந்தியாவில் தங்க நேர்ந்தபோது, இதோ நம் மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலில் இரண்டு ஆண்டு இருந்தார். தானே ஓடும் பொருளைவிடத் தன் கையால் அடுக்கவும் ஊற்றவும் கோக்கவும் கிடைக்கிற பொருளிலேதான் குழந்தை மனம் ஊன்றி நிற்கும் என்பது அவர் கண்டது. மரச்சொப்பு, பம்பரம், சாக்குக்கட்டி, கலர்ப் பென்சில் இவற்றை வாங்கினவர்கள் யாரும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை.

செலவே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1223-இல் அசிசியின் புனித பிரான்சிஸ், கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத்தான் பாலன் பிறப்பைக் காட்டினார். நம் வீட்டுக் குடிலைப் பிள்ளைகள் கையிலே விட்டுவிடுங்கள். டிசம்பர் பதினைந்தாம் தேதிவாக்கில் ஒரு தட்டிலே மண் போட்டுக் கேழ்வரகோ கம்போ தூவித் தினம் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். பண்டிகைக்குள் குடிலுக்குப் பச்சைப் புல்வெளி தயார். எங்கள் வீட்டிலே 1984-இல் அதைத்தான் செய்தோம். என் மகள் ஊதாக் கவுனோடு குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த முளையைத் தடவிக்கொண்டிருந்தாள். தேர்தல் வேலை முடிந்து, பெட்டியை ஒப்படைத்துவிட்டு நான் வீட்டுக்குள் வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அவள் தூங்கவில்லை. “அப்பா, அந்த மாமாவுக்குக் குடுக்க என் உண்டியல்ல ஆறு ரூபா இருக்கு” என்றாள்.

தண்டலுக்கு வாங்கிய பணம் அதுவே கடைசி. அடுத்த செப்டம்பரில் தபால் ஆபீஸில் அவள் பெயருக்கே கணக்குத் திறந்தோம். அந்தப் பழைய பாஸ்புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வாங்கிப் பார்க்கலாம்.