கழற்ற முன் ஒரு கோடு

(எமது சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில், வெம்பிளியில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கமில்லாத ஆள் நான். யாழ்ப்பாணத்தில் 2008ஆம் ஆண்டு ஏ.எல். எடுத்ததோடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கே வந்த நாள் முதல் பார்க் றோயலில் தொழிற்சாலை வேலை, அதுவும் அநேகமாக இரவு வேலை. செயலாளர் அண்ணை, "நீர் பழைய கமரா லென்ஸ் திருத்துறீராமே, அதைப்பற்றிப் பத்து நிமிஷம் கதையும்" என்று கேட்டார். மறுக்க முடியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதிக்கும் படத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. பக்கத்தில் ஹரோ வீல்ட்ஸ்ரோனில் கொடாக் தொழிற்சாலை 1891இல் தொடங்கியது. 2016இல் மூடும்வரை அங்கே படத்தாள் செய்தார்கள். எங்கட ஊர் ஸ்ரூடியோக்களின் சுவரில் தொங்கிய மஞ்சள் கொடாக் விளம்பரம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிலிம் காலம் போய்விட்டது. ஆனால் அந்தக் காலத்து லென்ஸுகள் போகவில்லை. கையால் திருப்பிக் குவிக்கிற லென்ஸில் மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. கண்ணாடி, உலோகம், கொஞ்சம் கிறீஸ், அவ்வளவுதான். ஆகவே பழுதானால் ஒரு மனிதன் மேசையில் வைத்துத் திருத்தலாம். ஒரு வளையம் வாங்கிப் பூட்டினால் இன்றைய டிஜிற்றல் கமராவிலும் படம் எடுக்கும்.

நான் இதைப் படித்தது ஒரு ஐயாவின் லென்ஸில். அதைப் பழுதாக்கித்தான் படித்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

ஐயா ஊரில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்தவர். அவருடைய கமரா ரஷ்யாவின் செனிற். லண்டனுக்குப் படிக்க வந்த தமையன் 1979இல் இங்கே வாங்கி, ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. அதிலுள்ள லென்ஸின் பெயர் ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீற்றர், ஆறு கண்ணாடி. அந்த லென்ஸும் ஒரு வகையில் இடம்பெயர்ந்ததுதான். ஜேர்மனியில் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் கொம்பனியின் பயோரார் லென்ஸே அதன் மூலம். 1945இல் யுத்தம் முடிந்த பிறகு சோவியத்காரர் அந்த நுட்பத்தைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், மொஸ்கோவுக்குப் பக்கத்தில் இதைச் செய்தார்கள். அங்கிருந்து லண்டன், லண்டனிலிருந்து யாழ்ப்பாணம். 1995 ஒக்ரோபர் 30 இரவு சனம் முழுக்க வெளிக்கிட்டபோது, ஐயாவும் நாவற்குழிப் பாலத்தால் இதை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு நடந்தார். பெட்டி பெட்டியாக இருந்த நெகற்றிவ் எல்லாம் வீட்டில் நின்றுவிட்டது. பிறகு அவை கிடைக்கவே இல்லை. கடைசியில் லென்ஸ் வெம்பிளிக்கு வந்து சேர்ந்தது.

2019இல் ஐயா அதை என்னிடம் தந்தார். வளையம் திரும்பவில்லை. உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். "தம்பி, பேத்தியின்ர சாமத்திய வீட்டுக்கு நான் இதாலதான் ஒரு படம் எடுக்கவேணும்" என்றார். நான் அதற்கு முன் இரண்டு மலிவு லென்ஸ் கழற்றியிருந்தேன். எல்லாம் தெரியும் என்ற எண்ணம். ஒரு ஞாயிறு பின்னேரம் இருந்து கழற்றினேன்.

பிழை எங்கே விட்டேன் என்று கேளுங்கள். குவிக்கிற வளையத்துக்குள்ளே ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் திருகி ஓடும். சாதாரண ஆணியில் இருப்பது ஒரு புரி. இதில் பல புரிகள் பக்கம் பக்கமாக ஓடும். ஊறுகாய்ப் போத்தல் மூடியை நினைத்துப் பாருங்கள். மூன்று நாலு இடத்தில் வைத்தாலும் மூடி பிடிக்கும். போத்தலுக்கு அது காணும். லென்ஸுக்கு ஒரே ஒரு இடம்தான் சரி. மற்ற எந்தப் புரியில் ஏற்றினாலும் பூட்டுப்படும், வளையம் திரும்பும், ஆனால் தூரத்துப் பொருள் தெளியாது. ஆகவே குழாய் இரண்டும் பிரிகிற அந்த இடத்தில் இரண்டிலும் ஒரு கோடு கீற வேண்டும். நான் கீறவில்லை. கையில் இரண்டு துண்டாக வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வேலைத்தலத்தில் ஒரு போலந்துக்கார மெக்கானிக் இருந்தார். எந்த யந்திரத்தைத் திறந்தாலும் முதலில் பேனாவால் ஒரு கோடு போடுவார். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். பார்த்தது வேறு, படித்தது வேறு.

லென்ஸ் பதினொரு கிழமை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தது. கோயிலில் ஐயாவைக் கண்டால், "என்ன மாதிரித் தம்பி?" என்பார். "சாமான் ஒன்று வரவேணும் ஐயா" என்று பொய் சொன்னேன். பிறகு அவர் நிற்கிற பக்கம் போகாமல் விட்டேன். பாலத்தால் காவிவந்த பொருளை நான் ஒரு பின்னேரத்தில் குழப்பிப்போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் ரின்னோடு அவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். ஐயா ஏசவில்லை. ரின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் துலையேல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை ஐயா." "அப்ப என்ன, எத்தினை புரி இருக்கோ அத்தினையும் போட்டுப் பாப்பம். உதை முதல் கிழமையே சொல்லியிருந்தா இவ்வளவு நாள் போயிருக்காது" என்றார்.

முதலில் துப்புரவு செய்தோம். லைற்றருக்கு ஊற்றுகிற பெற்றோலால் பழைய கிறீஸை முழுக்கத் துடைத்தோம். (யன்னலைத் திறந்து வைக்கவேணும், பக்கத்தில் நெருப்பு கூடாது.) பழைய கிறீஸுக்கு மேல் புதுக் கிறீஸ் போட்டால் ஒரு வருடத்தில் திரும்ப இறுகும். புதுக் கிறீஸ் மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும். கூடினால் உள்ளே துவாரத்தைச் சுருக்குகிற தகடுகளுக்கு ஊர்ந்து போகும். இந்த லென்ஸில் அவை எட்டு. அவற்றில் எண்ணெய் அறவே ஆகாது. பூஞ்சணத்துக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெரொக்சைட். கறை போனது, ஆனால் ஒரு ஓரத்தில் பூஞ்சணம் கண்ணாடியையே அரித்த தடம் நின்றது. அது போகாது. படத்தில் தெரியவும் இல்லை.

பிறகு புரி. சரியா பிழையா என்று பார்க்கத் தூரத்தில் கூர்மையான ஒரு பொருள் வேண்டும். ஐயா வீட்டு மேல்மாடி யன்னலால் வெம்பிளி விளையாட்டரங்கின் வளைவு தெரியும். 133 மீற்றர் உயரம், வெள்ளை நிறம். 2007இல் திறந்த அந்த அரங்கம் பந்து விளையாட்டுக்காரருக்கு என்றுதான் நினைத்திருந்தோம். லென்ஸ் திருத்துகிறவனுக்கும் அதைவிட நல்ல பொருள் இல்லை. செனிற்றின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடுகிற இடத்தில் ரேசிங் பேப்பர் ஒரு துண்டு ஒட்டி, ஷற்றரைத் திறந்து பிடித்தால் வளைவு அதில் தலைகீழாக விழும்.

முதல் புரி, புகார் மாதிரி. இரண்டாவதும் அப்படியே. ஐயாவுக்குக் கண்ணில் கற்றரக்ற், அவரால் பார்க்க முடியவில்லை. எனக்குப் பதற்றம். பேத்தியைக் கூப்பிட்டோம். தலைக்கு மேல் ஒரு கறுப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு பிள்ளை பார்த்தாள். நாலாவது தரம், "அம்மப்பா, கம்பி கம்பியாத் தெரியுது, ஆனா தலைகீழா!" என்று கத்தினாள். ஐயா கதிரையில் இருந்தபடியே, "தலைகீழாத் தெரிஞ்சாத்தான் சரி" என்றார்.

சாமத்திய வீட்டுப் படம் எடுபட்டது. பேத்தி குவித்துக் கொடுக்க ஐயா அழுத்தினார். அந்தப் படம் இப்ப அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இதைச் செய்ய விரும்புகிற பிள்ளைகளுக்கு நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கில் வையுங்கள். நான் பாவிப்பது பழைய இட்டலித் தட்டு, ஒரு குழிக்கு ஒரு படி. மனிசி முதலில் ஏசினா, பிறகு புதுத் தட்டு வாங்கினா.

இரண்டு, யப்பான் லென்ஸின் ஆணித்தலை எங்கட வழமையான நட்சத்திர ஸ்குறூ றைவருக்குப் பொருந்தாது, தலை தேய்ந்துவிடும். யப்பான் அளவுக்கென்று தனி றைவர் உண்டு. இறுகிய ஆணிக்கு நகப்பூச்சு அகற்றுகிற அசெற்றோன் ஒரு துளி விட்டுப் பொறுங்கள். முன் வளையத்தைக் கழற்றக் குசினித் தொட்டியின் றப்பர் மூடி போதும்.

மூன்று, பழைய பென்ராக்ஸ் ராகுமார் 50 மி.மீ. எப் 1.4 லென்ஸ் மஞ்சளாக இருந்தால் எறிய வேண்டாம். அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, அதனால் காலப்போக்கில் மஞ்சளாகும். சில கிழமை வெயிலில் வைத்தால் வெளுக்கும். லண்டன் வெயிலுக்குக் கொஞ்சம் கூடப் பொறுமை வேண்டும். கழற்றி உடைக்கப் போகாதீர்கள்.

நாலாவதுதான் முக்கியம். கழற்ற முன் ஒரு கோடு கீறுங்கள். கீற மறந்துவிட்டால் ஒளிக்காதீர்கள், உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பதினொரு கிழமை என்னால் தனியச் செய்ய முடியாததை, சொன்ன பிறகு மூன்று பேராக ஒரு பின்னேரத்தில் செய்தோம்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய கமரா இருக்கலாம். கொண்டுவாருங்கள். அதைக் கொண்டுவந்த பெரியவரையும், வீட்டில் கண் நல்லாத் தெரிகிற ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இட்டலித் தட்டு என்னிடம் இருக்கிறது.