கப்றைத் தேடுமுன் பெயரைத் தேடுவோம்



 

உங்கள் வாப்பாவின் வாப்பா எந்த மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள்? இக்கேள்விக்கு நம்மில் எத்தனை பேரால் விடை கூற முடியும்?

கொழும்பில் மாளிகாவத்தை, குப்பியாவத்தை, ஜாவத்தை மையவாடிகளில் நம் முன்னோர் பலர் அடங்கியுள்ளனர். ஆயினும், அங்கு சென்று பெயர் பொறித்த கல்லைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். கப்றின் மீது கட்டடம் எழுப்புவதை மார்க்கம் தடுத்துள்ளது. அடையாளமிடுவதை அது தடுக்கவில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) அவர்களின் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்கள் கல்லொன்றை வைத்து, கப்றை அறிந்துகொள்ள வழிசெய்தார்கள் என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

ஆனால் கல்லும் நிலையானதன்று. கொழும்பின் பழைய மையவாடியிலிருந்த, ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டுக்குரிய கூஃபி எழுத்துக் கல்லை 1787இல் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் எடுத்துச் சென்று தமது வீட்டுப் படியாக்கினார். பின்னாளில் பிரதம நீதியரசர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் அதன் எழுத்துக்களைப் பிரதிசெய்து அறிஞர்களுக்கு அனுப்பினார். அதனாலேயே காலித் இப்னு அபூ பகாயா என்ற பெயரை இன்று நாம் அறிகிறோம். இடம்பெயர்ந்த கல்லின் செய்தியைக் காத்தது காகிதமே!

எனவே இளைஞர்களே, தேடலை வீட்டிலேயே தொடங்குங்கள். மூத்தவர்களிடம் மறைந்தவரின் முழுப்பெயர், வழங்குபெயர், தந்தை பெயர், மரணித்த ஆண்டு, வாழ்ந்த மஹல்லா ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பின்னர் பிரதேச செயலகத்தில் மரணச் சான்றிதழின் பிரதியைப் பெறுங்கள். அடக்கம் செய்த இடம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதன்பின் மஹல்லாப் பள்ளிவாசலின் பதிவேட்டையும் மையவாடிப் பொறுப்பாளரையும் நாடுங்கள்.

பெற்றோர்களே, 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வேதனையை மறப்போமா? 2021 மார்ச் முதல் கொழும்பைச் சேர்ந்தோரும் தொலைவிலுள்ள ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கப்பட்டனர். அதை இன்று நாம் எழுதி வைக்காவிடின், நாளை நம் பேரப்பிள்ளைகள் அவர்களைக் கொழும்பில் வீணே தேடுவர்.

கப்று கிடைக்காவிடினும் கலங்க வேண்டாம். அவர்கள் எங்கிருக்கிறார்கள் என்பதை அல்லாஹ் அறிவான். நமது துஆவுக்கு முகவரி தேவையில்லை. ஆனால் பெயர் சொல்லித் துஆச் செய்யப் பெயராவது தெரிந்திருக்க வேண்டுமல்லவா? இன்றிரவே ஒரு கொப்பியை எடுங்கள், உம்மாவின் அருகே அமருங்கள், கேளுங்கள், எழுதுங்கள்.