காணத்தக்க நகரம் எது?
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பயணமும் இலக்கியமும் என்னும் பொருள்பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பொதுப்படப் பேசுவதினும், ஒரு வினாவை உங்கள்முன் வைத்து விடை காண முயல்வதே பயன்தரும் எனக் கருதுகிறேன். வட இத்தாலியில் நிகழவிருக்கும் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியுள்ளது. அது முடிந்தபின் எஞ்சுவன மூன்று நாள்கள். அவற்றை முழுவதும் வெனிஸ் நகரில் கழிப்பதா, அன்றி அங்கிருந்து தொடர்வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி அமைந்த திரியெஸ்தே என்னும் துறைமுகத்துக்குச் செல்வதா என்பதே அவ்வினா. அவ்வளவு தொலைவு மீண்டும் செல்லும் பொருள்வசதி ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை. எனவே எண்ணித் துணிய வேண்டியுள்ளது.

செல்ல வேண்டா என்பாரின் வாதத்தை முதலில் கேட்போம். வெனிசின் ஓவியங்களுக்கும் மாளிகைகளுக்கும் ஈடான கலைச்செல்வம் திரியெஸ்தேயில் இல்லை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழும் நகரம் அது. கடலை நோக்கித் திறந்த பெருஞ்சதுக்கம், மிராமாரே கோட்டை, காப்பிக் கடைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் வழிகாட்டி நூல்களின் பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடும். குளிர்காலத்தில் ‘போரா’ என்னும் வாடைக்காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் வீசி வழிநடப்போரைத் தள்ளும். இவ்வாதம் பொய்யன்று. கலைக்கூடங்களைக் காணும் வேட்கையோடு ஒருமுறை மட்டுமே இத்தாலி செல்வோர் வெனிசையே தேர்வது முறை.

ஆயினும், இலக்கியம் பயில்வோர் கேட்க வேண்டிய வினா வேறொன்றும் உண்டு. அந்நகரம் எவ்வாறு உருவாயிற்று, அங்கே எழுத்து எவ்வாறு பிறந்தது என்பதே அது.

1382 முதல் 1918 வரை திரியெஸ்தே ஆப்ஸ்பர்க் அரசகுலத்தின் ஆட்சியில் இருந்தது. 1719இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் அதனைச் சுங்கவரியற்ற துறைமுகமாக அறிவித்தார். இத்தாலியர், ஸ்லோவேனியர், செருமானியர், கிரேக்கர், செர்பியர், யூதர் எனப் பலரும் அங்கே குடியேறி வாழ்ந்தனர். கிரேக்கர் கோயிலும் செர்பியர் கோயிலும் 1912இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும் இன்றும் நடந்து செல்லும் தொலைவில் நிற்கின்றன. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் அந்நகரக் கப்பல்கள் கீழைக்கடல்களுக்கு மிகுதியாக ஓடின. 1931 திசம்பரில் வட்டமேசை மாநாடு முடிந்து காந்தியடிகள் தாயகம் திரும்பிய ‘பில்ஸ்னா’ என்னும் கப்பலும் அந்நகரத்து நிறுவனத்துக்கு உரியதே. அவர் ஏறியது மட்டும் பிரிந்திசித் துறைமுகத்தில்.

வணிகத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை விளக்க அங்கே ஒரு சான்று உண்டு. எத்தோரே ஸ்மித்ஸ் என்னும் வணிகர் இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் 1892இலும் 1898இலும் இரு புதினங்களை வெளியிட்டார். எவரும் பொருட்படுத்தவில்லை. மனம் சோர்ந்து எழுத்தைத் துறந்தவர்போல் ஆனார். அவர் மனைவி குடும்பத்தின் தொழில் கப்பலின் அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணப்பூச்சு. இங்கிலாந்தில் வணிகம் நடத்த அவருக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. அதைக் கற்பிக்க வந்தவர், அந்நகரில் ஆங்கிலம் பயிற்றிப் பிழைத்துவந்த அயர்லாந்து இளைஞர் ஜேம்ஸ் ஜாய்ஸ். மாணவரின் புதினங்களைப் படித்த ஆசிரியர் வியந்து பாராட்டினார். பின்னர் 1923இல் வெளிவந்த ‘சேனோவின் மனச்சான்று’ உலகப் புகழ் பெற்றது. கப்பலுக்குப் பூசும் வண்ணம் ஒன்று இல்லையேல் இச்சந்திப்பே நிகழ்ந்திராது எனலாம். ஜாய்சும் ‘டப்ளினர்கள்’ தொகுப்பின் பெரும்பகுதியை அங்கிருந்தே எழுதினார். அவர் குடும்பத்தார் வீட்டில் பேசியது அந்நகர வட்டார இத்தாலியமே.

இம்மட்டில் நிறுத்தினால் அந்நகரத்தைப் பல மொழிகள் கூடிக் களித்த பூங்காவாகக் காட்டியவள் ஆவேன். அது முழு உண்மை ஆகாது. ஸ்லோவேனியரின் நாடக அரங்கமும் வங்கியும் விடுதியும் ஒருங்கே அமைந்திருந்த ‘நரோத்னி தோம்’ என்னும் மக்கள் மாளிகையை 1920 சூலை 13 அன்று பாசிசவாதிகள் தீக்கிரையாக்கினர். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஸ்லோவேனிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. அத்தீயைச் சிறுவனாகக் கண்டவர் போரிஸ் பாகோர். பின்னாளில் நாசி வதைமுகாம்களில் அடைபட்டு மீண்ட அவர், தடைசெய்யப்பட்ட தம் தாய்மொழியிலேயே எழுதி, 108 வயது வாழ்ந்து 2022இல் மறைந்தார். எரிந்த அக்கட்டடத்தில் பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிப் பள்ளி இயங்கிற்று. நூறாண்டு நிறைந்த 2020 சூலை 13 அன்று, இரு நாட்டுக் குடியரசுத் தலைவர்கள் முன்னிலையில், அதனை ஸ்லோவேனியச் சமூகத்துக்கே திருப்பி அளிக்கும் ஆவணம் கையெழுத்தாயிற்று.

நகரின் ஓரத்தில் சான் சாபா என்னுமிடத்தில் நெல் உமி நீக்கும் ஆலை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நாசிகள் அதனை வதைமுகாமாக்கிப் பிணம் எரிக்கும் உலையும் அமைத்தனர். அங்கே மாண்டவர் 3,000 முதல் 5,000 வரை எனக் கணிப்பர். 1945 ஏப்பிரல் இறுதியில் தப்பியோடுமுன் உலையை வெடிவைத்துத் தகர்த்தனர். 1965 முதல் அவ்வாலை நாட்டின் நினைவிடமாகப் போற்றப்படுகிறது.

அன்பர்களே, ஜாய்சும் ஸ்வேவோவும் சந்தித்த அதே நகரில்தான் ஒரு மொழியின் மாளிகை எரிந்தது. இரண்டையும் ஒரே நாளில் கால்நடையாகச் சென்று காணலாம். பல மொழியினர் அருகருகே வாழ்ந்தால் நட்பு தானே தழைத்துவிடும் என்று மேடைகளில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அருகருகே வாழ்தல் மட்டும் போதாது. அடுத்தவர் மொழிக்குச் சட்டமும் பள்ளியும் காவலாக நிற்க வேண்டும் என்பதை அந்நகரின் வரலாறு காட்டுகிறது. மொழியைக் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட எனக்கு இப்பாடம் கலைக்கூடத்தினும் இன்றியமையாதது.

எனவே என் முடிவு இது. முதல் நாள் வெனிசுக்கு. அதன் அழகைப் புறக்கணிப்பது அறிவுடைமை அன்று. எஞ்சிய இரு நாள்களும் திரியெஸ்தேக்கு. 1919இல் கவிஞர் உம்பெர்த்தோ சாபா விலைக்கு வாங்கி நடத்திய பழம்புத்தகக் கடை இருக்கும் தெருவில் தொடங்கி, நரோத்னி தோம் வழியாக, இறுதியில் அவ்வாலை வரை செல்வதாக எண்ணம். புறப்படுமுன் ஸ்வேவோவையும் பாகோரையும் மொழிபெயர்ப்பிலேனும் மீண்டும் படித்துவிட வேண்டும். படிக்காமல் சென்றால் அங்கே காண்பவை வெறும் கட்டடங்களாகவே நின்றுவிடும்.

உங்களுள் எவரேனும் அத்திசை செல்ல நேர்ந்தால், ‘அங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்பதோடு, ‘அங்கே யார் எந்த மொழியில் எழுதினர், எந்த மொழியில் எழுத மறுக்கப்பட்டனர்?’ என்றும் கேட்டுப் பாருங்கள். செல்வதா தவிர்ப்பதா என்பது அதன்பின் தெளிவாகும். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் மேலும் பல்லாண்டு செழிக்க வாழ்த்தி அமைகிறேன்.