பி.இ. 13 என்றால் மலிவா? கடலூர் ரோடு சொல்லும் பதில்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் சிதம்பரத்திலிருந்து ஒருத்தர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கையில் கிராஜுவிட்டிப் பணம் இருக்கு. பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் மூணு வருஷம். "பி.இ. 15-க்குக் கீழே இருக்கிற பங்குகளை எல்லாம் ஆப்ல பட்டியல் எடுத்துட்டேன் சார். அதில் நாலு வாங்கிப் போட்டா போதும்தானே?" என்று கேட்கிறார்.

போதாது சார். ஏன் போதாது என்பதற்கு உங்க பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. சிதம்பரத்தில் பஸ் ஏறினா புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி கடலூர் சிப்காட் வரும். இன்னைக்கு அந்த ரோடுதான் நமக்குப் பாடம்.

முதலில் பி.இ. என்றால் என்ன? ஒரு மெஸ் வருஷத்துக்கு 2 லட்சம் லாபம் தருது. அதை 20 லட்சத்துக்கு விலை சொல்றாங்க. 20-ஐ 2-ஆல் வகுத்தால் 10. இதே லாபம் தொடர்ந்தால் பத்து வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். பங்குக்கும் இதே கணக்குதான். ஒரு பங்கின் விலையை, ஒரு பங்குக்கான லாபத்தால், அதாவது ஈ.பி.எஸ்.ஸால் வகுக்கிறோம்.

இதில் "இதே லாபம் தொடர்ந்தால்" என்று ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்க. ஆபத்து முழுக்க அங்கேதான் இருக்கு.

இப்போ நிஜக் கணக்குக்கு வருவோம். கெம்பிளாஸ்ட் சன்மார். இதன் பி.வி.சி. ஆலை கடலூர் சிப்காட்டில் 2009-லிருந்து ஓடுது. வி.சி.எம். என்கிற மூலப்பொருளைக் கப்பலில் இறக்குமதி பண்ணி, குழாய் செய்யப் பயன்படும் பி.வி.சி. பொடியாக மாற்றுறாங்க. நிறுவனம் 2021 ஆகஸ்டில் 3,850 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியீடு நடத்தியது. ஒரு பங்கு 541 ரூபாய். மொத்தப் பங்குகள் சுமார் 15.8 கோடி.

2021-22 நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 649 கோடி. பங்கு ஒன்றுக்கு 41 ரூபாய். 541-ஐ 41-ஆல் வகுத்தால் 13. நம்ம ஆசிரியர் பட்டியலில் கட்டாயம் வந்திருக்கும்.

அடுத்த வருஷம் லாபம் 152 கோடியாக இறங்கியது. அதே 541 ரூபாய் விலையை வைத்துப் பார்த்தால் பி.இ. 56. அதற்கடுத்து 2023-24-ல் சுமார் 158 கோடி நஷ்டம். 2024-25-லும் 110 கோடி நஷ்டம். நஷ்டத்துக்கு பி.இ.யே கிடையாது.

நிர்வாகம் தூங்கிடுச்சா? அப்படிப் பார்க்க வேண்டாம். 2021-ல் கோவிட் நேரத் தட்டுப்பாடு. அந்த பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடும் குளிர் வந்து அங்கிருந்த ஆலைகள் நின்றன. உலகம் முழுக்க பி.வி.சி. விலை ஏறியது. பிறகு சீனாவில் கட்டுமானத் தொழில் படுத்தது. அங்கே மிஞ்சிய சரக்கு இந்தியாவுக்கு மலிவாக வந்து இறங்கியது. விற்பனை விலைக்கும் மூலப்பொருள் விலைக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கியது. ஆலை அதே ஆலை, லாபம் மட்டும் காணோம்.

இப்படிப்பட்ட தொழிலை சுழற்சித் தொழில் என்பார்கள். ரசாயனம், இரும்பு, சர்க்கரை எல்லாம் இந்த வகை. இவற்றில் பி.இ. ரொம்பக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சியில் இருக்கும்போதுதான். சந்தை பங்கை மலிவாக விற்கவில்லை. இந்த லாபம் நிற்காது என்று நினைக்கிறது. கடலூர் துறைமுகத்தில் படகு வாங்குறவர், ஒரே ஒரு நல்ல மாசத்துப் பாட்டைப் பார்த்தா விலை பேசுவார்? தடைக்காலம், புயல், டீசல் செலவு எல்லாம் சேர்த்து நாலஞ்சு வருஷக் கணக்கைக் கேட்பார். பங்கிலும் அதையே கேட்கணும்.

கேட்டுப் பார்ப்போம். 2020-21-ன் லாபம் 410 கோடி. அதிலிருந்து ஐந்து வருஷத்தைக் கூட்டினால், நஷ்டம் போக மிச்சம் 943 கோடி. ஆண்டுச் சராசரி 189 கோடி. பங்குக்கு 12 ரூபாய். 541-க்கு சராசரி பி.இ. 45! பதிமூணு எங்கே, நாற்பத்தைந்து எங்கே?

2022-லேயே 2025 கணக்கு தெரியாதே என்று கேட்பீங்க. சரிதான். ஆனால் பின்னோக்கி ஐந்தாறு வருஷம் பார்க்க முடியும். லாபம் திடீர்னு உச்சத்தில் நின்றால், அது ஏன் என்று கேட்க முடியும்.

அடுத்து கடன். அதே ரோட்டுக்குக் கிழக்கே கடற்கரையோரம் பெரியகுப்பம். நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அங்கேதான் வருவதாக இருந்தது. ஆண்டுக்கு 60 லட்சம் டன் திட்டம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது. பாதி கட்டிய ஆலைக்குப் பெரிய சேதம், வேலை நின்றது. வருமானம் ஒரு ரூபாய் இல்லை, வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் திவால் நடவடிக்கை, கலைப்பு. இங்கே பி.இ. எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது இரண்டு: சொந்த முதலுக்குக் கடன் எத்தனை மடங்கு? வட்டிக்கு முந்தைய லாபம் வட்டியைப் போல எத்தனை மடங்கு? இரண்டாவது விகிதம் ஒன்றுக்குக் கீழே போனால், கம்பெனி வட்டி கட்டவே சம்பாதிக்கவில்லை என்று அர்த்தம்.

மூணாவதா, நம்ம மாவட்டத்திலேயே இருக்கிற நெய்வேலி என்.எல்.சி. இது வேற ரகம். அனல் மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும். செலவோடு, முதலுக்கு இவ்வளவு வருமானம் என்றும் சேர்த்துத்தான் நிர்ணயிப்பாங்க. பி.வி.சி. மாதிரி லாபம் குதிக்காது, விழாது. அப்படியிருந்தும் 2020-ல் இந்தப் பங்கு புத்தக மதிப்பில் ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் கைமாறியது. மின்வாரியங்கள் பணம் தரத் தாமதம் பண்ணுவது ஒரு காரணம். லாபம் ஏட்டில் இருக்கும், காசு கைக்கு வர மாசக்கணக்காகும். அதனால் வரவேண்டிய பாக்கி எத்தனை நாள் நிற்குது என்பதையும், தொழிலிலிருந்து வரும் ரொக்கம் லாபத்துக்கு ஈடாக இருக்கா என்பதையும் பாருங்க. இன்னொண்ணு, என்.எல்.சி. பி.இ.யையும் கெம்பிளாஸ்ட் பி.இ.யையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீங்க. மின்சாரத்தை மின்சாரத்தோடு, ரசாயனத்தை ரசாயனத்தோடுதான் ஒப்பிடணும்.

நானும் இந்தத் தப்பைப் பண்ணியவன்தான். ஆரம்பத்தில் பி.இ. 6 என்று பார்த்து ஒரு சர்க்கரைப் பங்கை வாங்கினேன். பேர் வேண்டாம். அடுத்த வருஷம் கரும்பு விலை ஏறிச்சு, சர்க்கரை விலை இறங்கிச்சு, என் பணம் பாதியாச்சு. கம்பெனி எதையும் மறைக்கலை. பத்து வருஷக் கணக்கு ஆண்டறிக்கைகளில் அப்படியே இருந்தது. நான்தான் புரட்டலை.

ஆசிரியர் ஐயா, உங்களுக்கு என் பதில் இதுதான். அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். அதை விசாரணையின் தொடக்கமா வச்சுக்கோங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஐந்து வருஷ லாபம், கடன், வட்டி, ரொக்கம் நாலையும் ஒரு நோட்டில் எழுதுங்க. உங்க மாணவர்களிடம் வெறும் விடையை எழுதினா மார்க் கிடையாது, வழிமுறை வேணும்னு சொல்லியிருப்பீங்களே, அதேதான். ஆனால் கல்யாணப் பணம் மட்டும் தனி. மூணு வருஷத்தில் கட்டாயம் தேவைப்படும் பணத்துக்குப் பங்குச்சந்தை இடமில்லை. சுழற்சி திரும்ப அதைவிட அதிக நாள் ஆகலாம், முகூர்த்தம் காத்திருக்காது.

வழக்கம்போல ஒரு குறிப்பு: இன்று சொன்ன எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ நான் பரிந்துரைக்கவில்லை. கணக்குப் போடும் விதத்துக்காக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அடுத்த எபிசோடில் ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்டப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.