கல் சொல்லும் கணக்கு



ஒடிசா மாநிலத்தில் தால்ச்சர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிராமணி ஆற்றங்கரை ஊர். அங்கே பெரிய நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும்.

அந்த ஊரில் ஒரு காலத்தில் பனிப்பாறை இருந்தது என்றால் நம்புவீர்களா? அங்குள்ள கல்லே அதற்குச் சாட்சி.

1856-ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் நிலக்கரியை ஆராய அங்கே போனார்கள். பிளான்ஃபோர்டு சகோதரர்கள் இருவரும் அதில் இருந்தார்கள். நிலக்கரிக்குக் கீழே அவர்கள் ஓர் அடுக்கைப் பார்த்தார்கள். நைசான களிமண் பாறை. அதற்குள் பெரிய பெரிய குண்டுக்கற்கள்.

ஆற்று வெள்ளம் கல்லையும் வண்டலையும் இப்படிக் கலந்து போடாது. கனமான கல் முதலில் தங்கிவிடும். வண்டல் தூரம் போய்ப் படியும். இங்கே இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. "இவற்றைச் சுமந்து வந்தது பனிக்கட்டியாகத்தான் இருக்கும்" என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இதே அடுக்கு நாட்டின் வேறு பகுதிகளிலும் உண்டு. அங்கே பனிப்பாறை உரசிய கீறல்களும் பின்னால் கிடைத்தன.

அந்தப் பனி சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அப்போது இந்தியா தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் இந்தியாவோடு ஒட்டியிருந்தன.

பிறகு பூமி சூடானது. பனி உருகியது. சதுப்பு நிலங்களில் காடு வளர்ந்தது. இலையும் மரமும் விழுந்து சேற்றில் புதைந்தன. மேலே மண் மூடியது. அழுத்தமும் சூடும் சேர்ந்து, அவை நிலக்கரி ஆயின. அதனால்தான் கீழே பனி கொண்டுவந்த கல், மேலே கரி.

செடிகொடிகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து வளர்கின்றன. ஆகவே நிலக்கரி என்பது அந்தக் காலத்துக் காற்றிலிருந்து பிரிந்து பூமிக்குள் போன கரி. அதை எரித்தால் மறுபடியும் கரியமில வாயுவாகிக் காற்றுக்கே திரும்புகிறது. இந்த வாயு பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. கூடினால் சூடு கூடும்.

எவ்வளவு கூடியிருக்கிறது? அதற்கும் சாட்சி உண்டு. அண்டார்டிகாவில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் பனியைத் துளைத்து எடுத்தார்கள். அந்தப் பனிக்குள் பழங்காலக் காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக அடைபட்டிருந்தது. அதில் 8 லட்சம் ஆண்டுக் கணக்கு கிடைத்தது.

10 லட்சம் படி காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 8 லட்சம் ஆண்டுகளில் அதில் கரியமில வாயு 300 படியைத் தாண்டவில்லை. ஆலைகள் பெருகுவதற்கு முன் 280 படி இருந்தது. 1960-இல் சுமார் 317 படி. 2023-இல் 420-ஐத் தாண்டிவிட்டது.

"பூமி முன்பும் மாறியிருக்கிறதே, இப்போது மட்டும் என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. மாறியது உண்மை. ஆனால் மெதுவாக மாறியது. கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது கரியமில வாயு சுமார் 80 படி கூடியது. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போது 100 படி கூட 63 ஆண்டுகளே போதுமாக இருந்தது. மரமும் பயிரும் மனிதரும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம்.

வெப்பத்தின் கொடுமை ஒடிசாவுக்குப் புதிதல்ல. 1998-ஆம் ஆண்டு கோடையில் அங்கே 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பூமி சூடாகச் சூடாக இப்படிப்பட்ட கோடைகள் அடிக்கடி வரும்.

அப்படியானால் சுரங்கங்களை நாளைக்கே மூடிவிடலாமா? முடியாது. 2023-இல் இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பிப் பிழைக்கின்றன. அவர்களுக்கு வேறு வேலை வேண்டும். இரவிலும் விளக்கு எரிய வேண்டும்.

ஆனால் வழி திறந்திருக்கிறது. ராஜஸ்தானில் பாட்லா என்ற இடத்தில் பாலைவன வெயிலிலிருந்து 2,000 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்க வசதி செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. இரவுக்காக மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரிகளும் வருகின்றன.

வீட்டிலும் ஒரு வழி உண்டு. நிலக்கரியிலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தரும். தினம் 5 மணி நேரம் எரித்தால், மாதம் 7 யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதாவது ஒரே பல்பில் சுமார் 5 கிலோ நிலக்கரி மிச்சம். பணமும் மிச்சம்.

பூமி பல லட்சம் ஆண்டுகள் சேர்த்துவைத்த கரி இது. அது ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் எரிந்துகொண்டிருக்கிறது. அதை எவ்வளவு எரிப்பது, எப்போது நிறுத்துவது, சுரங்கத் தொழிலாளிக்கு என்ன வழி செய்வது? இந்த முடிவுகளில் மக்களுக்கும் பங்கு உண்டு. இன்று உங்கள் வீட்டு மின் கட்டண அட்டையை எடுத்துப் படியுங்கள். எத்தனை யூனிட் என்று பாருங்கள். அது எத்தனை கிலோ கரி என்று கணக்குப் போடுங்கள்.