உருண்டை கடையும் தொழில்

குழந்தை உருட்டும் பந்து, கழுத்தில் அணியும் மணி, மூடியின் குமிழ், கட்டிற்காலின் தலைப்பு என உருண்டையான மரப்பொருள்கள் வீடுகளில் பல உள. பார்வைக்கு இதனினும் எளிய வடிவம் வேறில்லை. ஆயினும் மரம் கடைவோரைக் கேட்டால், செவ்விய உருண்டையைக் கடைவதே அரிது என்பர். தூணின் வளைவு சற்றே கூடினும் குறையினும் கண் பொறுத்துக்கொள்ளும். உருண்டையோ எப்பக்கம் அளந்தாலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். சிறிது பிழைத்தாலும், மேசைமேல் உருட்டிய மாத்திரத்தில் அது தள்ளாடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில், சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள சன்னபட்டணா இத்தொழிலுக்குப் பேர்போன ஊர். அவ்வூர்ப் பொம்மைகளுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அவை உறவுடையனவாகவே தோன்றும். வெட்பாலை மரத்தின் வெண்மையான மென்கட்டையைக் கடைந்து, அது சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகின்றனர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. பின்னர்த் தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, பளபளப்பு ஏறுகிறது.

மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பது பொருத்தமே. பழைய கடைசற்பட்டறையில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மத்தைப்போலவே கட்டை முன்னும் பின்னும் சுழலும். மற்றொருவர் உளி பிடிப்பார். பின்னர்க் கயிறு இழுத்தவரின் வேலையை மின்சார லேத்து ஏற்றுக்கொண்டது. உளி பிடித்த கையின் வேலையையும் ஒரு கருவி ஏற்றுக்கொள்ளுமா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டுவது.

கையால் உருண்டை கடையும் முறையை முதலில் காண்போம். 50 மி.மீ. பந்து வேண்டுமெனில், கட்டையை அந்த விட்டமுள்ள உருளையாகக் கடைந்து, 50 மி.மீ. நீளத்தை அதில் குறித்துக்கொள்ள வேண்டும். இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ 15 மி.மீ. உள்ளே தள்ளிக் கோடிட்டு, முனை முகங்களிலும் விளிம்பிலிருந்து அதே அளவு குறித்து, இடையிலுள்ள மூலையைச் சாய்வாகச் சீவினால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது எட்டுப் பக்க வடிவம் தோன்றும். எஞ்சிய மூலைகளையும் இவ்வாறே சீவிச் சென்றால் உருண்டை நெருங்கிவரும். கடைசி மில்லிமீட்டரைக் கண்ணும் கையுமே முடிக்க வேண்டும்.

அந்தக் கடைசி மில்லிமீட்டருக்குத் துணையாக வந்ததே பட்டறைகளில் ‘ஜிக்’ என்று வழங்கும் சாதனம். லேத்தின் படுக்கைமேல், கட்டை சுழலும் அச்சுக்கு நேர் கீழே, ஒரு முளையை நிறுத்துகின்றனர். அம்முளையைச் சுற்றி அரைவட்டமாகத் திரும்பும் ஒரு கையில் உளி பொருத்தப்பட்டிருக்கும். முளைக்கும் உளிமுனைக்கும் உள்ள தூரமே பந்தின் ஆரம். கட்டை ஓர் அச்சில் சுழல்கிறது. உளி அதற்குச் செங்குத்தான வேறோர் அச்சில் திரும்புகிறது. இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஆதலால் உளி தொட்ட இடமெல்லாம் அப்புள்ளியிலிருந்து சமதூரத்தில் அமைகிறது.

இக்கருவியும் தன் பிழைகளை மறைப்பதில்லை. முளை அச்சினின்று உளிப்பக்கமாக விலகி நின்றால், பந்தின் இடை பருத்து ஆரஞ்சுப்பழம் போலாகும். எதிர்ப்பக்கம் விலகினால் முனைகள் கூர்ந்து எலுமிச்சம்பழம் போலாகும். உளிமுனை அச்சின் உயரத்தில் இல்லையெனில், முனையில் சிறு குமிழொன்று வெட்டுப்படாமல் நிற்கும். கருவியைச் சரியாக நிறுத்துவதற்கே கணக்கும் பொறுமையும் வேண்டியிருத்தல் இதனால் விளங்கும்.

மேலும், மரத்தின் இயல்பை ஜிக் அறியாது. ஈரமரம் உலரும்போது நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதில்லை. குறுக்கே நன்றாகச் சுருங்கும். குறுக்கிலும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையிலுள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே இன்று குறையின்றிக் கடைந்த ஈரப்பந்து சில வாரங்களில் முட்டை வடிவம் கொள்ளும். எக்கட்டை உலர்ந்தது, எது உலரவில்லை, எங்கே கணு ஒளிந்திருக்கிறது என்பதைக் கையில் ஏந்திய கனமும் உளியின் ஒலியும் சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

ஆதலின் கைவேலைக்கு ஜிக் பகையன்று. ஒரே அளவில் நூறு பந்துகள் வேண்டும்போது, அளந்து அளந்து சோரும் உழைப்பை அது குறைக்கிறது. தேர்வு, பதம், மெருகு ஆகிய மூன்றும் தொழிலாளியிடமே இருக்கின்றன. சிறு மணியும் பொம்மைத் தலையும் கடைவோர்க்கு உளி பிடித்த கையே இன்னும் விரைவானது. கருவியைக் காட்டிக் கூலியைக் குறைக்க முற்படுவோர், உருண்டையின் வட்டத்தை மட்டும் கண்டவர்கள். அதற்குள் இருக்கும் மரத்தைக் காணாதவர்கள்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர், ஆலைகளில் லேத்தின் முன் நின்று உழைப்பவர்கள். இவ்வுண்மை அவர்களுக்குப் புதிதன்று. ஏனையோரும் கடையில் மரப்பந்தை வாங்குங்கால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பந்தைவிடச் சிறிய வாயுள்ள, விளிம்பு சமமான குழாய்த்துண்டு ஒன்றைப் பந்தின்மேல் பல இடங்களில் வைத்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எவ்விடத்தும் விளிம்பின்கீழ் ஒளி கசியவில்லையெனில் அது செவ்விய உருண்டை. அதன்பின் அதற்குச் சொன்ன விலை மிகையாகத் தோன்றாது.