சினிமாவில் வரும் வியாதியும் வீட்டில் வரும் வியாதியும்

(கொல்லயிலில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே வசிக்கும் நமக்கு இரண்டு பாஷைப் படங்களும் சொந்தம். ஒருவனைக் கேலி செய்ய மலையாளத்தில் 'ஊளம்பாறை' என்றால் போதும், தமிழில் 'கீழ்ப்பாக்கம்'. இரண்டும் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடங்கள். ஆஸ்பத்திரியின் பெயரே வசவாகிவிட்டால் அங்கே யார் தைரியமாகப் போய் ஓ.பி. சீட்டு வாங்குவார்கள்?

என் தம்பி விஷயத்தைச் சொல்கிறேன், அவன் சம்மதத்தோடுதான். திடீரென்று தூக்கமே இல்லாமல் உற்சாகமாக இருந்தான். ஒரே வாரத்தில் மூன்று மிக்ஸி வாங்கினான். நாங்கள் சிரித்தோம். பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சோம்பல் என்றோம், ஜாதகம் பார்த்தோம், பரிகாரம் செய்தோம். இரண்டு வருஷம் வீணாயிற்று. பைத்தியம் என்றால் சட்டையைக் கிழித்துக்கொள்வது என்றுதானே படங்களில் பார்த்திருந்தோம்! அவனுக்கு வந்தது பைபோலார், அதாவது இருமுனையக் கோளாறு.

1993ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' அருமையான படம், சந்தேகமில்லை. 2005ல் அதுவே 'சந்திரமுகி' ஆயிற்று. அதிலுள்ளது வேறு வியாதி. ஆனால் ஒரே ராத்திரி நாடகத்தில் குணமாகிவிடும் என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. 2012ல் வந்த '3' பைபோலார் என்று பெயர் சொல்லியே காட்டியது. கதாநாயகன் வியாதியை மனைவியிடம் மறைக்கிறான், மூர்க்கனாகிறான், கடைசியில் உயிரை விடுகிறான். டிவியில் அதைப் பார்த்த தம்பி பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா, அப்பாவும் இப்படி ஆயிடுவாரா?" என்று கேட்டாள். தம்பி அடுத்த அறையில்தான் இருந்தான்.

நல்ல படமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1987ல் வந்த 'தனியாவர்த்தனம்' பாருங்கள். பரம்பரையில் பைத்தியம் உண்டு என்று சொல்லிச் சொல்லியே புத்தி தெளிந்த ஒரு வாத்தியாரை ஊரும் உறவும் பைத்தியமாக்கிவிடும். வரன் பார்க்கும்போது நாம் விசாரிக்கிற விதம் எனக்கு ஞாபகம் வந்தது.

2015ல் நடிகை தீபிகா படுகோன் தனக்கு டிப்ரஷன் வந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகுதான் மன்னி, தம்பியின் மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதை நிறுத்தினாள்.

தம்பி இப்போதும் லித்தியம் சாப்பிடுகிறான். அளவு சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. லேபுக்குத் துணையாக வருவது அந்தப் பெண்தான். யாருக்காவது கேட்க வேண்டுமானால், 2022ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த டெலி-மானஸ் எண் 14416; கட்டணம் கிடையாது. என்னிடமும் தனியாகப் பேசலாம், சாப்பாட்டுக்குப் பிறகு இங்கேதான் இருப்பேன்.